சொடுக்கு திரும்பிய மாலை



"அப்பா, நான் ஒரு தடவைதான் அழுத்தறேன். அது ரெண்டு தடவை அழுத்தின மாதிரி எடுத்துக்குது."

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது. அவள் கையில் இருந்தது ஒரு கேமிங் மவுஸ். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பெரியவர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து, இரண்டு வருடத்துக்கு முன் அவளே வாங்கியது. விளையாட்டுக்கென்று வாங்கினாலும் பாடம், படம் வரைவது எல்லாமே அதில்தான். இப்போது ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை தட்டினால் அது திறந்துகொள்கிறது. ஒரு படத்தை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நழுவி விழுகிறது. விளையாட்டில் குறிபார்த்தபடி பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால், விரல் எடுக்காமலே பிடி விட்டுப்போகிறது.

வாங்கிய கடையில் கேட்டோம். வாரண்டி முடிந்துவிட்டது, உதிரி பாகம் தனியாக வராது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். படியிறங்கும்போது மகள் கேட்டாள்: "லைட் எரியுது, வீல் சுத்துது, ஒயர் நல்லா இருக்கு, அம்பு ஓடுது. ஒரு பொத்தான் சரியில்லன்னா முழுசையும் தூக்கிப் போடணுமாப்பா?"

அந்தக் கேள்விக்கு வீட்டு மேசையில் உட்கார்ந்து நாங்கள் பதில் தேடிய கதையை இந்த மாதம் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தால் எங்கும் திருகாணி தெரியாது. வழுக்கிச் செல்வதற்காக அடியில் ஒட்டியிருக்கும் டெஃப்லான் பட்டைகளுக்குக் கீழேதான் அவை இருக்கும். முடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாக நெம்பினால், பட்டை மடங்காமல் எழுந்து வரும், திரும்ப ஒட்டவும் பயன்படும். கழற்றிய திருகாணிகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசைப்படி வைத்தோம். முதல் குழியில் முதலில் கழற்றியது, இரண்டாவதில் அடுத்தது. ஒவ்வொரு படியையும் மகள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். மேல்மூடியைத் தூக்கும்போது அவசரம் கூடாது. மூடியையும் பலகையையும் இணைக்கும் நாடா ஒயர் ஒன்று உள்ளே காத்திருக்கும். வயர்லெஸ் மவுஸாக இருந்தால் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும்.

மூடி திறந்ததும் இடது பொத்தானுக்கு நேர் கீழே, ஒரு புளியங்கொட்டை அளவில், செவ்வகப் பெட்டி ஒன்று தெரிந்தது. நீளம் 13 மில்லிமீட்டருக்குள், அகலம் 6 மில்லிமீட்டருக்குள். அதன் தலையில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குமிழ். நாள் முழுக்க நம் ஆள்காட்டி விரல் பேசிக்கொண்டிருப்பது அந்தக் குமிழோடுதான். அதன் பெயர் மைக்ரோ சுவிட்ச்.

இந்தச் சின்னப் பெட்டிக்கு வயது தொண்ணூறைத் தாண்டுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃப்ரீபோர்ட் என்ற ஊரில், பர்ஜெஸ் பேட்டரி நிறுவனத்தில் வேலை பார்த்த மெக்கால் என்பவர் 1932-இல் இதைக் கண்டுபிடித்தார். ஜப்பானில் கசுமா டடேசி 1933-இல் தொடங்கிய நிறுவனம், 1943-இல் அந்த நாட்டின் முதல் மைக்ரோ சுவிட்சை உருவாக்கியது. கியோட்டோ நகரின் ஓமுரோ பகுதியின் பெயரிலிருந்து ஓம்ரான் என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்த நிறுவனத்தின் சுவிட்சுகள்தான் பிற்காலத்தில் உலகெங்கும் கோடிக்கணக்கான மவுஸ்களுக்குள் போய் உட்கார்ந்தன. டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் 1964-இல் மரக்கட்டையைக் குடைந்து முதல் மவுஸைச் செய்தபோது அதற்கு ஒரே ஒரு பொத்தான்தான். இன்று கேமிங் மவுஸில் ஆறு, எட்டு என்று பொத்தான்கள் வந்துவிட்டன. அடிப்படை வேலை மட்டும் மாறவில்லை: ஓர் அழுத்தம், ஓர் இணைப்பு.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? வளைத்து இழுத்து நிறுத்தப்பட்ட ஒரு மெல்லிய உலோகத் தகடு. டின் மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச தூரம் எதிர்க்கும், ஒரு கட்டத்தில் 'டொக்' என்று தானே உள்ளே போகும், விரலை எடுத்தால் வெளியே துள்ளும். சுவிட்சுக்குள் இருக்கும் தகடும் அப்படித்தான் பாய்கிறது. விரல் மெதுவாக இறங்கினாலும் வேகமாக இறங்கினாலும் தகடு பாயும் வேகம் அதனுடையது. பாய்ந்து எதிரே உள்ள தொடுமுனையில் மோதும்போது எழும் ஓசைதான் நாம் கேட்கும் கிளிக். தமிழில் இதற்குச் சொடுக்கு என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் காது நுட்பமான மனிதர். விரலைச் சொடுக்கும்போது வருவதும் அதே துள்ளல்தான்.

ஒரு சொடுக்கு இரண்டாவது எப்படி? உலோகம் உலோகத்தில் மோதினால், தரையில் போட்ட பந்துபோல மிக மெல்லியதாக எகிறி எகிறித்தான் அடங்கும். எல்லாச் சுவிட்சிலும், புதிதிலும்கூட, இது நடக்கும். அடங்கும்வரை சில மில்லி விநாடி பொறுத்திரு என்று மவுஸுக்குள் இருக்கும் மென்பொருள் ஏற்கெனவே கற்றிருக்கிறது. அலுவலக மவுஸ் தாராளமாகப் பொறுக்கும். கேமிங் மவுஸ் விநாடிக்கு 1,000 முறைகூடக் கணினிக்குச் செய்தி சொல்வது. வேகத்துக்காக அதன் பொறுமையைக் குறைத்து வைப்பதுண்டு. அதனால் சுவிட்ச் கொஞ்சம் தளர்ந்தாலும் கேமிங் மவுஸ் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தக் கோளாறுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்டியின் மேல் 1 கோடி, 2 கோடி, 5 கோடி சொடுக்கு என்று ஆயுள் போட்டு விற்கிறார்கள். நாளுக்கு 5,000 சொடுக்கு என்று வைத்தாலும் 2 கோடியை எட்ட 11 ஆண்டு ஆக வேண்டும். பிறகு எப்படி இரண்டே வருடத்தில் கோளாறு? தகடு முறியாமல் எத்தனை முறை துள்ளும் என்பது ஒரு கணக்கு. தொடுமுனை எத்தனை நாள் சுத்தமாக இருக்கும் என்பது வேறு கணக்கு. வெள்ளிக் கொலுசு கறுப்பதுபோல வெள்ளித் தொடுமுனையும் காற்றில் கறுக்கும். பெரிய மின்சாரம் ஓடும் சுவிட்சில் சிறு பொறி பறந்து அந்தப் படலத்தை எரித்துவிடும். மவுஸில் ஓடுவதோ மிகச் சொற்ப மின்னோட்டம். படலத்தை எரிக்கும் தெம்பு அதற்குக் கிடையாது. கறை கூடக் கூட, தொட்டும் தொடாமலும் இருக்கும் உறவாக இணைப்பு மாறிவிடுகிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே பிடி விட்டுப்போவது இதனால்தான்.

இதையெல்லாம் மகளுக்கு விளக்கியபோது அவள் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. "அப்போ மவுஸுக்கு ஒண்ணும் ஆகல. இந்தப் பெட்டிக்குத்தான் வயசாயிடுச்சு" என்றாள். அன்றைக்கு நாங்கள் கற்றதில் மிகப் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன். 'கெட்டுப்போச்சு' என்ற ஒரே சொல்லில் முழுப் பொருளையும் மூடிவிடுகிறோம். எது கெட்டது என்று கேட்கத் தொடங்கியதுமே பாதிப் பழுது பார்த்தாகிவிட்டது.

சனிக்கிழமை இருவரும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனோம். தோளோடு தோள் இடித்து நடக்க வேண்டிய அந்தத் தெருவில், சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் உலகத்தின் உள்ளுறுப்புகள் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். நாங்கள் கழற்றி எடுத்து வந்த பலகையைக் கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். "மூணு கால் சுவிட்ச்சுங்க. இடதுக்கு மட்டும் மாத்துனா வலதுக்கும் இதுக்கும் சத்தம் வேற வேறயா இருக்கும். ஜோடியா மாத்திடுங்க" என்றார். மகள் பக்கம் திரும்பி, "நீயே பத்த வைக்கப் போறியாம்மா? அவசரப்படாத. ஈயம் தண்ணியா ஆனதுக்கப்புறம்தான் உறிஞ்சணும்" என்றார். இரண்டு சுவிட்சும் சேர்ந்து 120 ரூபாய். கூடவே ஒரு சுருள் ஈயக்கம்பி, ஒரு டப்பா ஃபிளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்ப். சால்டரிங் அயர்ன் வீட்டில் இருந்தது.

ஈயம் என்ற சொல்லை அவர் சொன்னதும் எனக்கு எங்கள் ஊர்த் தெரு நினைவுக்கு வந்துவிட்டது. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வருபவர் வேப்பமரத்தடியில் குழி வெட்டி, கரி போட்டு, துருத்தி ஊதுவார். பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். ஒரு துண்டு ஈயத்தைத் தேய்த்துவிட்டுத் துணியால் ஒரு சுழற்று. கறுத்துக் கிடந்த பாத்திரத்தின் உட்புறம் நிலாவாக மாறும். அந்த நவச்சாரம் உலோகத்தின் மேல் படிந்த களிம்பை நீக்கியது. அதே வேலையை இன்று பைன் மரப் பிசினில் செய்த ஃபிளக்ஸ் செய்கிறது. அவர் பூசியது வெள்ளீயம். எங்கள் சுருளில் இருந்தது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி. தனியாக வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும், காரீயத்துக்கு 327. இந்த விகிதத்தில் இரண்டும் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். சேர்ந்தால் இளகும் என்பது உலோகத்துக்கும் உண்டு.

உலோகத்தை உலோகத்தோடு இணைக்கும் இந்தப் பொருளுக்குத் தமிழில் பற்றாசு என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளச் செய்வது. பொற்கொல்லர் பட்டறையில் புழங்கிய அந்தச் சொல்லை அன்று மாலை மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்துப்போனது.

மாடியில் ஜன்னல் ஓரமாக மேசையைப் போட்டோம். புகை முகத்துக்கு வராதபடி பக்கவாட்டில் ஒரு சிறு மின்விசிறி. அயர்ன் 350 டிகிரி வரை போனாலும் அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. எழுவது பிசின் புகை. அதுவும் நுரையீரலுக்கு நல்லதில்லை, ஆஸ்துமா உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காரீயம் உடம்புக்குள் போவது கைவழியாகத்தான். ஆகவே அந்த மேசையில் முறுக்கும் காபியும் கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

முதல் சுவிட்சை நான் எடுத்தேன். கழற்றும் முன், குமிழ் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டோம். அது நடுவில் இருக்காது, ஓர் ஓரமாகத்தான் இருக்கும். திருப்பி வைத்துவிட்டால் பொத்தான் அதைத் தொடாது. மூன்று கால்களில் பெரும்பாலும் இரண்டுக்குத்தான் வேலை. மூன்றாவது பிடிமானத்துக்கு நிற்கும்.

காலில் அயர்னை வைத்தேன். ஈயம் இளகவே இல்லை. இன்னும் அழுத்தினேன், இன்னும் நேரம் வைத்தேன். கடைசியில் சுவிட்ச் வந்தது. கூடவே பலகையில் ஒட்டியிருந்த செப்பு வளையமும் பெயர்ந்து வந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. எனக்கு நெஞ்சு கனத்தது. அவள் சேமித்து வாங்கிய பொருள் அது.

என் தவறு என்ன என்று பிறகு புரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் உலகச் சந்தைக்கு வரும் பலகைகளில் காரீயம் இல்லாத கலவைதான் வழக்கம். அது உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். பழைய பற்றைப் பிடிவாதமாகச் சூடாக்கினால் அது இளகுவதற்குள் செப்பின் பசை விட்டுவிடும். சரியான வழி வேறு. பழைய பற்றின் மேல் கொஞ்சம் ஃபிளக்ஸ், கொஞ்சம் புது ஈயக்கம்பி. புதியது எளிதில் உருகிப் பழையதோடு கலக்கும், கலந்ததும் அதுவும் குறைந்த சூட்டிலேயே இளகும். அப்போது பம்பை வைத்து உறிஞ்சினால் துளை சுத்தமாகத் திறக்கும். ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது. வரவில்லையா, எடுத்துவிட்டு ஆறவிட்டு மறுபடி முயல வேண்டும்.

பெயர்ந்துபோன வளையத்துக்கும் மாற்று இருந்தது. அங்கிருந்து புறப்படும் செப்புப் பாதை எங்கே போய்ச் சேருகிறது என்று மகள்தான் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தாள். பழைய ஹெட்போன் ஒயரிலிருந்து ஒரு மெல்லிய இழையை உருவி, புதுச் சுவிட்சின் காலுக்கும் அந்த இடத்துக்கும் பாலம் போட்டோம். மல்டிமீட்டரின் 'பீப்' ஒலி வந்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

வலது பக்கச் சுவிட்சை அவள் எடுத்தாள். பழைய ரேடியோப் பலகை ஒன்றில் முக்கால் மணிநேரம் பழகிய பிறகுதான் தொட்டாள். அயர்ன் முனை காலையும் செப்பு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொட்டது. ஒரு விநாடி கழித்து, முனையில் தேய்க்காமல், சூடான காலில் கம்பியைக் காட்டினாள். ஈயம் தானாகப் பரவி, காலைச் சுற்றிச் சின்னக் கோபுரம்போல் ஏறிப் பளபளத்தது. கம்பியை முதலில் எடுத்து, அயர்னை அடுத்து எடுத்து, அது உறையும்வரை மூச்சடக்கி இருந்தாள். உறையும் நேரத்தில் அசைத்துவிட்டால் பற்று பலமிழக்கும். பற்றாசு பிடிப்பதற்கு மூன்று வேண்டும் என்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது: இரு பக்கமும் சுத்தம், இரு பக்கமும் சூடு, பிறகு கொஞ்சம் அசையாத பொறுமை. என் கை பொறுமையைத் தவறவிட்டிருந்தது.

மூடியை மாட்டி, இட்லித் தட்டைக் கடைசிக் குழியிலிருந்து தலைகீழாகக் காலி செய்து, பட்டைகளை ஒட்டிக் கணினியில் செருகினோம். ஒரு சொடுக்கு. ஒன்றே ஒன்று. ஃபோல்டர் திறக்காமல், தேர்ந்தெடுத்தபடி அமைதியாக நின்றது. அவள் திரும்ப அழுத்தினாள். திரும்பவும் ஒன்று. கீழ்த்தளத்திலிருந்த என் அம்மாவை அழைத்து, "பாட்டி, கேளுங்க, எவ்ளோ நல்லா சத்தம் வருதுன்னு" என்றாள். அம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று தெரியாது. பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா கண்ணு, மணி மாதிரி இருக்கு" என்றார்.

நண்பர்களே, 120 ரூபாய்ப் பாகத்துக்காக ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பொருளை எறியச் சொல்லும் பழக்கம் எங்கேயோ நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட கணக்குப்படி 2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டும். ஒரு மவுஸ் அந்த மலையில் ஒரு துளி. அந்தத் துளிக்குள் செம்பு இருக்கிறது, வெள்ளி இருக்கிறது, யாரோ ஒரு தொழிலாளியின் விரல் உழைப்பு இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. சால்டரிங்கே இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி மாற்றும்படி சாக்கெட் வைத்த மவுஸை அசூஸ் நிறுவனம் கிளேடியஸ் என்ற பெயரில் செய்து காட்டியிருக்கிறது. உலோகத் தொடுகையே இல்லாமல் ஒளிக்கற்றையை மறித்துச் சொடுக்கை அறியும் சுவிட்சுகளை ரேசர் நிறுவனம் 2019-இல் வைப்பர் மவுஸில் கொண்டுவந்தது. அதில் எகிறலுக்கே இடமில்லை. பழுது பார்ப்பது பயனாளரின் உரிமை என்ற எண்ணத்தை நம் நாட்டு நுகர்வோர் துறையும் கையில் எடுத்து, 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் மார்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கிய ரிப்பேர் கஃபே, தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே பழுது பார்க்கும் கூடமாகப் பல நாடுகளில் பரவியிருக்கிறது. நம் ஊர் ரேடியோக் கடை பெஞ்சும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வேடிக்கை பார்க்க உட்கார்ந்த பையன்கள் எத்தனையோ பேர் அங்கிருந்து மெக்கானிக்காக எழுந்திருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். வீட்டில் ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், திருகாணி கழற்றும் சின்னச் செட் ஒன்று வாங்கி வையுங்கள். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் இருக்கும் வீட்டில் இவற்றுக்கும் ஓர் அலமாரித் தட்டு இருக்கட்டும். பிள்ளைகள் தொட அனுமதியுங்கள், பக்கத்தில் இருங்கள். மின்சாரப் பிளக்கில் செருகும் பொருட்களையும் வீங்கிய பேட்டரிகளையும் தெரிந்தவரிடம் விடுங்கள். மவுஸ், ஹெட்போன், பொம்மை, டார்ச் இவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒன்றிரண்டு வீணாகும். வீணானாலும், உள்ளே என்ன இருந்தது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

அப்படி உங்கள் வீட்டில் மீண்டு வந்த பொருளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எந்தப் பாகம் பழுது, எங்கே வாங்கினீர்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று விவரமாக எழுதுங்கள். உங்கள் அனுபவம் இன்னொரு வீட்டுக்குக் கைவிளக்காக இருக்கும்.

இந்தப் பக்கத்தை மகளின் மவுஸைக் கடன் வாங்கித்தான் திருத்தினேன். இடது பொத்தானுக்குக் கீழே, யார் கண்ணுக்கும் தெரியாமல், ஹெட்போன் ஒயரின் ஒற்றை இழை பாலமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு சொடுக்கும் அதன் வழியாகத்தான் வருகிறது. கழற்றிய பழைய சுவிட்ச் இரண்டையும் அவள் பென்சில் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்